பி.எஸ்.ஏ. கூடினால் அடுத்து என்ன: நேரடிப் பயாப்ஸியா, முதலில் எம்.ஆர்.ஐ.யா, இரண்டும் சேர்த்தா?

இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி சுரந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்) அளவு கூடியிருப்பது தெரிந்த பிறகு, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று உறுதிசெய்ய இன்று மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. ஸ்கேன் எதுவும் எடுக்காமல் நேரடியாகப் பயாப்ஸி செய்துகொள்வது ஒன்று. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகத்துக்குரிய இடம் தென்பட்டால் மட்டும் அங்கிருந்து திசு எடுப்பது இன்னொன்று. எம்.ஆர்.ஐ. எடுத்த பின், சந்தேக இடத்தையும் சுரப்பியின் மற்றப் பகுதிகளையும் சேர்த்தே பயாப்ஸி செய்வது மூன்றாவது. ஒரு மருத்துவர் ஒன்றையும் இன்னொருவர் வேறொன்றையும் பரிந்துரைக்கும்போது நோயாளியும் குடும்பத்தாரும் திகைத்துப்போகிறார்கள்; எம்.ஆர்.ஐ. எத்தனை சதவீதம் துல்லியமானது என்று கேட்கிறார்கள். அதற்கு ஒற்றை எண்ணில் பதில் இல்லை. "ஒன்றும் தெரியவில்லை" என்று எம்.ஆர்.ஐ. சொல்லும்போது அதை நம்பக்கூடிய அளவு வேறு, "சந்தேகம் இருக்கிறது" என்று சொல்லும்போது நம்பக்கூடிய அளவு வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் மூன்று வழிகளையும் சரியாக எடைபோட முடியும்.

இதுவரை பயாப்ஸி செய்துகொள்ளாத ஒருவரை மனதில் வைத்தே இங்கே பேசுகிறேன்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், தீவிரமான புற்றுநோயைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பது. நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்கும் நோயியல் மருத்துவர் அதற்குக் கிளீசன் மதிப்பெண் தருகிறார். மிகுதியாகத் தெரியும் புற்றுநோய் வகைக்கு முதல் எண், மற்றதற்கு இரண்டாவது எண் எனக் கூட்டுவது அது; ஆகவே 4+3 என்பது 3+4-ஐவிடத் தீவிரமானது. 3+3=6 என்றால் அது பெரும்பாலும் மிக மெதுவாக வளர்வது, பரவுவது அரிது. 3+4=7 முதல் மேலே போகப்போகக் கவலை கூடுகிறது. இந்தக் கட்டுரையில் தீவிரப் புற்றுநோய் என்று சொல்வது 7 அல்லது அதற்கு மேற்பட்டதை.

இரண்டாவது அளவுகோல், தெரிந்துகொள்ளத் தேவையில்லாத மெதுவான புற்றுநோயைத் தோண்டி எடுக்காமல் இருப்பது. இது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். புற்றுநோய் எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று கேட்பார்கள். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வு, சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த புற்றுநோய் கொண்ட 1643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவாக்கிப் பின்தொடர்ந்தது. 2023-இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, எந்தப் பிரிவில் இருந்தாலும் ஏறத்தாழ 97 சதவீதத்தினர் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கவில்லை. அறுவையும் கதிர்வீச்சும் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு, குடல் தொந்தரவு போன்றவற்றை விட்டுச்செல்லக்கூடியவை. ஆகவே மெதுவான புற்றுநோய் ஒன்றுக்குப் பெயர் சூட்டப்படுவதே ஒருவருக்குத் தீங்காக முடியலாம்.

மூன்றாவது, பரிசோதனையே உடலுக்குத் தரும் தொல்லை. நான்காவது, அந்தப் பரிசோதனை அதைச் செய்பவரின் திறமையை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எம்.ஆர்.ஐ.யைப் பொறுத்தவரை அதுவே பாதி முடிவைத் தீர்மானிக்கிறது.

## எம்.ஆர்.ஐ.யின் துல்லியம்: எண்கள் சொல்வது

2017-இல் லான்செட் இதழில் வெளியான புரோமிஸ் ஆய்வில் 576 ஆண்கள் எம்.ஆர்.ஐ., வழக்கமான பயாப்ஸி, சுரப்பி முழுவதையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசியால் துழாவும் விரிவான பயாப்ஸி ஆகிய மூன்றையும் செய்துகொண்டார்கள். மூன்றாவது பரிசோதனையே உண்மையைக் காட்டும் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அதன்படி, தீவிரப் புற்றுநோய் இருந்தவர்களில் 93 சதவீதத்தினரை எம்.ஆர்.ஐ. சந்தேகப்பட்டியலில் சேர்த்தது, வழக்கமான பயாப்ஸி 48 சதவீதத்தினரைத்தான் கண்டுபிடித்தது. மறுபக்கம், தீவிரப் புற்றுநோய் இல்லாதவர்களில் 41 சதவீதத்தினரை மட்டுமே எம்.ஆர்.ஐ.யால் சரியாக விடுவிக்க முடிந்தது. பயாப்ஸியில் இந்த எண் 96.

ஒரு எச்சரிக்கை: அந்த 93 சதவீதம், கிளீசன் 4+3 அல்லது அதற்கு மேல், அல்லது ஊசியில் வந்த புற்றுநோயின் நீளம் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்ற கடுமையான வரையறைக்கு உரியது. கிளீசன் 7 எல்லாமே தீவிரம் என்று வைத்துக்கொண்டால் 93 என்பது 88 ஆகிறது. "ஒன்றும் இல்லை" என்ற எம்.ஆர்.ஐ. முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பு 89 சதவீதத்திலிருந்து 76-க்கு இறங்குகிறது. ஸ்கேன் ஒன்றே, ஆட்களும் அவர்களே. வரையறை மாறியதும் எண் மாறிவிட்டது. எம்.ஆர்.ஐ. 90 சதவீதம் துல்லியம் என்று யாராவது சொன்னால், எந்த அளவு புற்றுநோயைக் குறித்துச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியது இதனால்தான். ஆறுதலான செய்தியும் அந்த ஆய்விலேயே உண்டு: எம்.ஆர்.ஐ. தவறவிட்டவற்றில் ஒட்டுமொத்த மதிப்பெண் 3+4-ஐத் தாண்டியது எதுவும் இல்லை.

2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, கிளீசன் 7 முதல் உள்ள புற்றுநோய்க்கு, இருப்பவர்களில் 91 சதவீதத்தினரை எம்.ஆர்.ஐ. பிடிக்கிறது, இல்லாதவர்களில் 37 சதவீதத்தினரை விடுவிக்கிறது என்று கணக்கிட்டது. இந்த இரு எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். பி.எஸ்.ஏ. கூடிய 1000 ஆண்களில் 300 பேருக்குத் தீவிரப் புற்றுநோய் உண்மையிலேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ. அவர்களில் 273 பேரைச் சந்தேகிக்கும், 27 பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 700 பேரில் 259 பேரை விடுவிக்கும், 441 பேரை வீணாகச் சந்தேகிக்கும். ஆக, "சந்தேகம்" என்று ரிப்போர்ட் வாங்கிய 714 பேரில் 273 பேருக்கு மட்டுமே, அதாவது 38 சதவீதத்தினருக்கு மட்டுமே, தீவிரப் புற்றுநோய் இருக்கும். "சந்தேகம் இல்லை" என்று வாங்கிய 286 பேரில் 259 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 91 சதவீதத்தினருக்கு, உண்மையிலேயே அது இருக்காது.

இனி அதே ஸ்கேனை வேறொரு கூட்டத்தில் எடுத்துப் பார்ப்போம். 1000 பேரில் 100 பேருக்கு மட்டுமே நோய் இருக்குமானால், "இல்லை" என்ற முடிவு 97 சதவீதம் நம்பத்தக்கது. 600 பேருக்கு இருக்குமானால், அதே முடிவின் நம்பகம் 73 சதவீதம்தான். தந்தைக்கோ சகோதரருக்கோ இந்த நோய் வந்தவர், புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிராக்கா-2 மரபணு மாற்றம் உள்ளவர், மலக்குடல் வழியாக மருத்துவர் செய்யும் விரல் பரிசோதனையில் கடினமான கட்டி தட்டுப்பட்டவர் ஆகியோர் இந்த இரண்டாவது கூட்டத்தை நோக்கி நகர்கிறவர்கள். சுத்தமான ஸ்கேன் அவர்களுக்குத் தரும் ஆறுதல் மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைவு.

## முதல் வழி: ஸ்கேன் இன்றி நேரடியாகப் பயாப்ஸி

அல்ட்ராசவுண்ட் உதவியுடன் சுரப்பியின் பல பகுதிகளிலிருந்து, வழக்கமாக 12 இடங்களில், ஊசியால் திசு எடுப்பது இது. பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் எல்லை தெரியுமே தவிர, புற்றுநோய் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. எனவே ஊசி, எங்கே போகிறோம் என்று அறியாமல் ஒரு ஒழுங்கின்படி குத்துகிறது. சுரப்பியின் முன்பகுதியிலும் நுனியிலும் இருக்கும் கட்டிகள் இதனால் எளிதில் தப்பிவிடுகின்றன. காக்ரேன் கணக்கின்படி, தீவிரப் புற்றுநோய் உள்ளவர்களில் 63 சதவீதத்தினரே இதில் அகப்படுகிறார்கள். முன் சொன்ன 300 பேரில் 111 பேர் "புற்றுநோய் இல்லை" என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்புவார்கள்.

இதன் மறைமுக விலை இரண்டு வகையானது. 1000 பேருக்கும் ஊசி. சிறுநீரில் சில நாட்களும் விந்துவில் பல வாரங்களும் இரத்தம் கலந்து வரலாம், சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மலக்குடல் வழியாக ஊசி போட்டால் கிருமித் தொற்று ஏற்படும் அபாயம் உண்டு, அரிதாக அது இரத்தத்தில் பரவி மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக ஊசி போடும் முறையில் தொற்று குறைவு. ஐரோப்பிய யூராலஜி சங்கம் அந்த வழியையே விரும்பத்தக்கது என்கிறது. இரண்டாவது விலை, மெதுவான புற்றுநோய்களை அள்ளிக்கொண்டு வருவது. 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில் 500 ஆண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். நேரடிப் பயாப்ஸி செய்துகொண்டவர்களில் 22 சதவீதத்தினருக்கு மெதுவான புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, எம்.ஆர்.ஐ. பிரிவில் அது 9 சதவீதம்.

இந்த வழி பொருத்தமான சூழல்களும் உண்டு. பி.எஸ்.ஏ. மிக மிக அதிகமாக இருந்து, விரல் பரிசோதனையில் சுரப்பி கல்லைப்போல இறுகியிருந்து, எலும்பு வலியும் சேர்ந்திருந்தால், நோய் இருக்கிறதா என்று அறிய எம்.ஆர்.ஐ.க்காகக் காத்திருப்பதில் பயனில்லை. திசுவை உறுதிசெய்து சிகிச்சையைத் தொடங்குவதே அவசரம். எம்.ஆர்.ஐ.க்கு ஒவ்வாத பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும், இரு இடுப்பு மூட்டுகளிலும் உலோகம் பொருத்தப்பட்டுப் படம் கலங்கிவிடுகிறவர்களுக்கும் இதுவே நடைமுறை வழி.

## இரண்டாவது வழி: முதலில் எம்.ஆர்.ஐ., சந்தேக இடத்தில் மட்டும் பயாப்ஸி

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட், பை-ராட்ஸ் என்ற முறையில் 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார். 1, 2 என்றால் தீவிரப் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. 4, 5 என்றால் பயாப்ஸி தேவை. 3 என்பது இரண்டுக்கும் நடுவே நிற்பது. வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 3 பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், 4 பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், 5 பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் தீவிரப் புற்றுநோய் இருக்கிறது. 4 என்ற எண்ணைக் கண்டதும் வாழ்க்கை முடிந்தது என்று கலங்குபவர்கள் உண்டு. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தீவிரப் புற்றுநோய் இல்லை. வீக்கம், பழைய தொற்றின் தழும்பு, வயதோடு வரும் சுரப்பிப் பெருக்கம் ஆகியவையும் படத்தில் புற்றுநோயைப் போலவே கறுத்துத் தெரியக்கூடும். ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சைக்குச் சம்மதிக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வழியின் பலனைப் பிரிசிஷன் ஆய்வு காட்டியது. எம்.ஆர்.ஐ. பிரிவில் 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் தீவிரப் புற்றுநோய் 38 சதவீதத்தினருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது, நேரடிப் பயாப்ஸிப் பிரிவில் 26 சதவீதம்தான். ஸ்வீடனின் கோத்தன்பர்க்-2 ஆய்வில், 50 முதல் 60 வயது வரையான ஆண்களிடையே நடந்த பரிசோதனைத் திட்டத்தில், சந்தேக இடத்தில் மட்டும் திசு எடுத்ததால் மெதுவான புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது 1.2 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதமாகப் பாதியாகக் குறைந்தது. 2019-இலேயே ஐரோப்பிய யூராலஜி சங்கமும் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்கப் பரிந்துரைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம்.

மறைமுக விலைகளில் முதலாவது, பார்ப்பதற்கும் எட்டுவதற்கும் உள்ள இடைவெளி. எம்.ஆர்.ஐ. 91 சதவீதத்தினரைச் சந்தேகித்தாலும், ஸ்கேனில் தொடங்கிக் குறிவைத்த பயாப்ஸியில் முடியும் முழுப் பாதையும் 72 சதவீதத்தினரைத்தான் உறுதிசெய்கிறது என்று அதே காக்ரேன் ஆய்வு சொல்கிறது. படத்தில் தெரிந்த இடத்தை ஊசி தவறவிடுவது இதற்கு ஒரு பெரிய காரணம். படத்தையும் அல்ட்ராசவுண்டையும் மென்பொருளால் ஒன்றிணைத்து ஊசியிடும் முறை, மருத்துவர் மனக்கணக்காகவே இடத்தைக் கணித்து ஊசியிடும் முறை இரண்டும் உள்ளன. எந்த முறை என்பதைவிடச் செய்பவரின் பழக்கம் பெரிது.

இரண்டாவது விலை, படிப்பவரைப் பொறுத்து முடிவு மாறுவது. 26 மையங்களின் அனுபவத்தைத் திரட்டி 2020-இல் வெளியான ஆய்வு, பை-ராட்ஸ் 3-உம் அதற்கு மேலும் வாங்கியவற்றில் ஏறத்தாழ 35 சதவீதமே தீவிரப் புற்றுநோய் என்றும், இந்த எண் மையத்துக்கு மையம் பெரிதும் வேறுபடுகிறது என்றும் கண்டது. படத்தின் தரமும் அப்படித்தான்: மலக்குடலில் வாயு இருந்தாலோ, நோயாளி அசைந்தாலோ, கருவி சரியாக அமைக்கப்படாவிட்டாலோ, புற்றுநோயைக் காட்டுவதில் மிக முக்கியமான டிஃபியூஷன் படங்கள் (திசுவுக்குள் நீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்று காட்டுபவை) பயனற்றுப்போகின்றன. தரம் குறைந்த ஸ்கேனில் "ஒன்றும் இல்லை" என்று எழுதப்பட்டால், அதை ஸ்கேன் எடுக்காததற்குச் சமமாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து.

## மூன்றாவது வழி: எம்.ஆர்.ஐ.யும், இருவகைப் பயாப்ஸியும்

பிரான்சில் 251 ஆண்களிடம் நடந்த எம்.ஆர்.ஐ.-ஃபர்ஸ்ட் ஆய்வில், குறிவைத்த பயாப்ஸியில் மட்டுமே அகப்பட்ட தீவிரப் புற்றுநோய் 7.6 சதவீதம், பரவலான பயாப்ஸியில் மட்டுமே அகப்பட்டது 5.2 சதவீதம். இரண்டில் எதை விட்டாலும் சிலர் தப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2103 ஆண்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு இன்னொரு பயனைக் காட்டியது. குறிவைத்த பயாப்ஸி மட்டும் செய்திருந்தால், கிளீசன் 4+3-உம் அதற்கு மேலும் உள்ள புற்றுநோய்களில் 8.8 சதவீதம் தவறாக வகைப்படுத்தப்பட்டிருக்கும். அறுவைக்குப் பின் முழுச் சுரப்பியையும் ஆராய்ந்தபோது, பரவலான பயாப்ஸி மட்டும் என்றால் 16.8 சதவீதத்தினரின் நோயும், குறிவைத்தது மட்டும் என்றால் 8.7 சதவீதத்தினரின் நோயும், இரண்டும் சேர்ந்தால் 3.5 சதவீதத்தினரின் நோயும் மட்டுமே முன்பு கணித்ததைவிடக் கணிசமாகத் தீவிரமாக இருந்தன.

விலை எளிதில் ஊகிக்கக்கூடியது: கூடுதல் ஊசிகள், கூடுதல் இரத்தம், கூடுதல் மெதுவான புற்றுநோய்கள். சந்தேக இடத்திலும் அதைச் சுற்றியுள்ள திசுவிலும் மட்டும் ஊசியிடுவதைப் பல மையங்கள் இப்போது இடைவழியாகக் கடைப்பிடிக்கின்றன.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரடிப் பயாப்ஸி | எம்.ஆர்.ஐ.க்குப் பின் குறிவைத்தது மட்டும் | எம்.ஆர்.ஐ.க்குப் பின் இருவகையும் |
|---|---|---|---|
| தீவிரப் புற்றுநோயைப் பிடிப்பது | குறைவு. முன்பகுதிக் கட்டிகள் தப்பும் | அதிகம். ஊசி இலக்கைத் தவறவிடலாம் | மூன்றிலும் அதிகம் |
| மெதுவான புற்றுநோயைத் தோண்டுவது | அதிகம் | மூன்றிலும் குறைவு | நடுத்தரம் |
| ஊசி தேவைப்படுபவர்கள் | அனைவரும் | ஸ்கேனில் சந்தேகம் உள்ளவர்கள் | ஸ்கேனில் சந்தேகம் உள்ளவர்கள். ஊசிகள் கூடுதல் |
| திறமையைச் சார்ந்திருப்பது | ஓரளவு | மிக அதிகம் | அதிகம். பரவலான ஊசிகள் ஓரளவு ஈடுசெய்யும் |
| பின்தொடர வேண்டியது | எதிர்மறை முடிவை எளிதில் நம்ப முடியாது | சுத்தமான ஸ்கேனுக்குப் பின்னும் பி.எஸ்.ஏ. கண்காணிப்பு | கண்டுபிடித்ததைப் பொறுத்து |

## ஸ்கேன் சுத்தமாக வந்தால் ஊசியை விட்டுவிடலாமா

இதற்குப் பி.எஸ்.ஏ. அடர்த்தி என்ற எளிய கணக்கு பெரிதும் உதவும். பி.எஸ்.ஏ. அளவை, ஸ்கேனில் அளந்த சுரப்பியின் கனஅளவால் வகுக்க வேண்டும். பி.எஸ்.ஏ. 6 உள்ள இருவரில் ஒருவருக்குச் சுரப்பி 60 மி.லி. என்றால் அடர்த்தி 0.10, இன்னொருவருக்கு 30 மி.லி. என்றால் 0.20. முதலாமவருக்குப் பி.எஸ்.ஏ. கூடியதற்குச் சுரப்பியின் பெருக்கமே போதிய விளக்கமாக இருக்கலாம், இரண்டாமவருக்கு அந்த விளக்கம் போதாது. 0.15 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைக்கோடு. ஸ்கேன் சுத்தமாக இருந்து அடர்த்தி அதற்குக் கீழே இருந்தால் பயாப்ஸியைத் தள்ளிவைப்பது நியாயமானது. அடர்த்தி 0.20-ஐத் தொட்டாலோ, குடும்பத்தில் நோய் இருந்தாலோ, ஸ்கேன் சுத்தமாக இருந்தபோதிலும் பரவலான பயாப்ஸியைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். பை-ராட்ஸ் 3 வாங்கியவர்களுக்கும் இதே கணக்குதான் வழிகாட்டி.

சுரப்பிப் பெருக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு மாத்திரையை ஆறு மாதங்களுக்கு மேல் எடுத்துவருபவர்களின் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காணப்படும். அதை இரட்டிப்பாக்கித்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். இதை மருத்துவரிடம் சொல்ல மறந்தால் முடிவே தவறிப்போகும்.

## கான்ட்ராஸ்ட் ஊசியும் பெட் ஸ்கேனும்

படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியால் ஏற்றி எடுக்கும் முழு எம்.ஆர்.ஐ.யா, மருந்தின்றி எடுக்கும் குறுகிய எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு தெளிவு பிறந்திருக்கிறது. 490 ஆண்களிடம் நடந்து 2025-இல் வெளியான பிரைம் ஆய்வில், இரண்டும் ஏறத்தாழ 29 சதவீதத்தினருக்குத் தீவிரப் புற்றுநோயைக் கண்டுபிடித்தன. மருந்தில்லாத ஸ்கேன் நேரத்தையும் செலவையும் குறைக்கிறது, சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பாதுகாப்பானது. ஆனால் அந்த ஆய்வில் படத்தின் தரம் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டது. டிஃபியூஷன் படம் கலங்கினால் கைகொடுக்க மருந்தேற்றிய படம் தேவைப்படும் என்பதால், இடுப்பில் உலோகம் உள்ளவர்கள் முழு ஸ்கேனையே கேட்பது நல்லது.

புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனை எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்தால் தவறவிடுவது இன்னும் குறைகிறது என்று 291 ஆண்களிடம் நடந்த பிரைமரி ஆய்வு காட்டியது; வீண் சந்தேகங்கள் கூடியதையும் அதுவே காட்டியது. முதல் பரிசோதனையாக அதைத் தேடிப்போகத் தேவையில்லை.

## யாருக்கு எது

பெரும்பாலோருக்கு, அதாவது பி.எஸ்.ஏ. மிதமாகக் கூடி, விரல் பரிசோதனை இயல்பாக இருந்து, நல்ல ஸ்கேனும் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட்டும் கிடைக்கிறவர்களுக்கு, எம்.ஆர்.ஐ.யில் தொடங்குவதே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கும் முன்னால், சில வாரங்கள் கழித்துப் பி.எஸ்.ஏ.வை மறுபடி பார்ப்பது அவசியம். சிறுநீர்த் தொற்றும் சிறுநீர் அடைப்பும் அதைத் தற்காலிகமாக உயர்த்திவிடும். ஸ்கேனில் 4 அல்லது 5 வந்தால், முதல் பயாப்ஸியாக இருக்கும் பட்சத்தில் மூன்றாவது வழியையோ சுற்றுப்புறத் திசுவையும் சேர்க்கும் இடைவழியையோ நான் முன்னிறுத்துவேன்; சிகிச்சையைத் தீர்மானிப்பது பயாப்ஸியில் வரும் கிளீசன் மதிப்பெண் என்பதால் அது சரியாக வருவது முக்கியம். மெதுவான புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதைத் தவிர்க்க விரும்பும் முதியவர்களுக்கும் வேறு கடுமையான நோய்கள் உள்ளவர்களுக்கும் இரண்டாவது வழி போதும். சிலருக்கு எதுவும் செய்யாமல் கண்காணிப்பதே போதும்.

ஸ்கேனுக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டியவை சில உண்டு. படிப்பவர் புராஸ்டேட் ஸ்கேன்களைத் தொடர்ந்து பார்ப்பவரா? ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் மதிப்பெண்ணோடு சுரப்பியின் கனஅளவும் படத்தின் தரமும் குறிக்கப்படுமா? சந்தேக இடம் வரைபடத்தில் காட்டப்படுமா? ஏற்கெனவே பயாப்ஸி செய்துகொண்டவராக இருந்தால், சுரப்பிக்குள் தங்கிய இரத்தம் படத்தைக் கலக்கும் என்பதால் சில வாரங்கள் இடைவெளி விட வேண்டும். சுத்தமான ஸ்கேனோடும் குறைந்த அடர்த்தியோடும் பயாப்ஸியைத் தள்ளிவைத்தவர்கள், ஆறு மாதங்களுக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ பி.எஸ்.ஏ. பார்த்துவர வேண்டும், அது தொடர்ந்து ஏறினால், பழைய ஸ்கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு மறு எம்.ஆர்.ஐ.க்குச் செல்ல வேண்டும், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதே மாற்றம் புலப்படும்.